பிளாக்கில் விரிசல்: பற்ற வைப்பதா, தைப்பதா, மாற்றுவதா?

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் வரிசையில் நிற்கிற லாரிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டி நின்றதும் இறங்கி, குனிந்து, எஞ்சினுக்கு அடியில் தரையைப் பார்ப்பார்கள். சொட்டுவது எண்ணெயா, தண்ணீரா, ஒன்றுமில்லையா என்று. எங்கள் வண்டியில் சொட்டே கிடையாது. ஆனால் ரேடியேட்டரில் தண்ணீர் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. முதலில் வாரத்துக்கு ஒரு லிட்டர். அப்புறம் ஒரு நடைக்கு ஒரு லிட்டர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதவரத்தில் மேஸ்திரியின் பட்டறையில் டீசலும் பிரஷும் வைத்து எஞ்சினின் இடது பக்கத்தைக் கழுவியபோதுதான் விஷயம் தெரிந்தது. எஞ்சின் சுவரில் வட்ட மூடிகளாகத் தெரியும் கோர் பிளக்குகளுக்குக் கீழே, படுக்கைவாட்டில், தலைமுடி கனத்தில் ஒரு கோடு. அதன் ஓரமெல்லாம் உப்புப் பூத்துப் பழுப்பேறி இருந்தது. சூடான இரும்பில் கசிந்த தண்ணீர் தரைக்கு வருவதற்கு முன்பே ஆவியாகிப் போயிருக்கிறது.

"பிளாக் கிராக் உட்டுக்கீது தம்பி. அவசரப்பட்டு யார்கிட்டயும் தூக்கினு போயிடாத" என்றார் மேஸ்திரி.

நான் அவசரப்பட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். பழைய டீசல் லாரியின் பிளாக்கில், அதாவது சிலிண்டர்கள் அடங்கிய எஞ்சினின் வார்ப்பிரும்பு உடலில், விரிசல் விட்டால் செய்யக்கூடியது நான்கு: பசை பூசலாம், பற்ற வைக்கலாம், தைக்கலாம், பிளாக்கையே மாற்றலாம். இதில் இரண்டை என் வண்டியிலேயே செய்து பார்த்துவிட்டேன். பிளாக் மாற்றியதை, பக்கத்து வண்டிக்காரர் ஒருவரோடு கூடவே அலைந்து பார்த்தேன்.

விரிசல் எங்கே என்பதே பாதிப் பதில்

எந்த வழி நல்லது என்று கேட்பதற்கு முன்னால் விரிசல் எந்த இடத்தில், எவ்வளவு நீளம் என்று தெரிய வேண்டும். பிளாக்கின் வெளிச்சுவரில், உள்ளே தண்ணீர் ஓடுகிற வாட்டர் ஜாக்கெட்டில் விட்டிருந்தால் அது நல்ல செய்தி. அந்தச் சுவருக்குப் பெரிய பளு கிடையாது. ரேடியேட்டர் மூடி தாங்குகிற அழுத்தம்தான் அதற்கும்; பெரும்பாலும் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்குள். எண்ணெய் போகிற கேலரியில் (உள்வழியில்) விட்டிருந்தால் கஷ்டம். அங்கே அழுத்தம் அதைப் போல பல மடங்கு. இரண்டு சிலிண்டருக்கு நடுவே, ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) உட்காரும் முகத்தில் விட்டிருந்தால் இன்னும் கஷ்டம். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் உட்காரும் மெயின் பேரிங் தொட்டிலில் விட்டிருந்தால், என் வரையில், அந்த பிளாக்கின் கதை முடிந்தது.

கண்ணுக்குத் தெரிகிற நீளத்தை நம்பவே கூடாது. மேஸ்திரி அன்று செய்து காட்டிய சோதனையைச் சொல்கிறேன். இடத்தை பெட்ரோலில் துடைத்துக் காயவிட்டு, சிவப்புச் சாயத்தை ஸ்பிரேயில் அடித்தார். பத்து நிமிடம் கழித்து மேலே இருந்த சாயத்தைத் துணியால் சுத்தமாகத் துடைத்தெடுத்தார். அப்புறம் வெள்ளை மாவு மாதிரி இன்னொரு ஸ்பிரே. இரும்பு முழுக்க வெள்ளையானது. ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு அந்த வெள்ளையில் ஒரு சிவப்புக் கோடு மெல்ல ஊறி வந்தது, காயத்தில் ரத்தம் துளிர்ப்பது மாதிரி. நான் ஆறு அங்குலம் என்று நினைத்திருந்தது எட்டு அங்குலம். ஒரு முனையில் இரண்டாகக் கிளை வேறு பிரிந்திருந்தது. சாயம் இரண்டு டப்பாவும் வெல்டிங் சாமான் கடையில் கிடைக்கும். இந்தச் சோதனை இல்லாமல் எவர் பிளாக்கைத் தொட வந்தாலும் விடாதீர்கள்.

காரணத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். குளிர் நாடுகளில் பிளாக் பிளப்பதற்கு முக்கியமான காரணம் உறைபனி. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும். வார்ப்பிரும்பு அதற்கு இடம் கொடுக்காது. நமக்கு அந்தப் பிரச்சினை இல்லை. இங்கே சூடும் உப்பும்தான். மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் புகுந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. வழியில் கிடைக்கிற போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே உப்புப் படிந்து, சுவர் துருப்பிடித்து மெலிந்து, சூடு வெளியேறும் வழியும் அடைபடும். மணலியில் வரிசையில் நின்று எஞ்சின் கொதித்ததும், அந்தக் கொதிப்பிலேயே பச்சைத் தண்ணீரை ஊற்றுகிறோம். பிளாக் அதற்கு மேல் என்ன செய்யும்?

சில எஞ்சின்களில் குறை வார்ப்பிலேயே இருக்கும். அமெரிக்காவில் 1999 முதல் 2001 வாக்கில் வந்த டாட்ஜ் பிக்கப் வண்டிகளின் 5.9 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சின் ஒரு உதாரணம். பிளாக்கின் பக்கவாட்டில் 53 என்ற எண் பெரிதாக வார்த்திருந்தால், வாட்டர் ஜாக்கெட் சுவர் மெலிசு, அங்கே விரிசல் விடலாம் என்று அங்குள்ள மெக்கானிக்குகளுக்கு மனப்பாடம். என் வண்டியில் விட்ட இடமும் ஏறக்குறைய அதேதான். அவர்கள் அதற்கு எந்த வழியைப் பிடித்தார்கள் என்பதைத் தையல் பகுதியில் சொல்கிறேன்.

பசையும் பொடியும்

இதற்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடுவது லாரி லைனில் எல்லோருக்கும் தெரிந்த கைவைத்தியம். ஊசித்துளைக் கசிவை ஊர் போய்ச் சேரும் வரை அடைக்கும். அதே தூள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். சூட்டால் வந்த விரிசலுக்கு, இன்னும் சூடேற்றுகிற மருந்து அது.

எபாக்ஸி பசை கொஞ்சம் மேல். விரிசலை வி வடிவத்தில் தோண்டி, எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் சுத்தம் செய்து, உலோகத் தூள் கலந்த நல்ல எபாக்ஸியைப் பூசினால் வெளிச்சுவரில் சில மாதங்கள் நிற்கலாம். ஆனால் எஞ்சின் தினமும் சூடாகி ஆறுகிறது. இரும்பு விரிகிற அளவும் பசை விரிகிற அளவும் ஒன்றல்ல. பல வருடம் எண்ணெய் குடித்த வார்ப்பிரும்பில் பசை பிடிப்பதும் அரிது. வண்டியை விற்கிறவர்கள் பெயின்டுக்கு அடியில் இதைத்தான் வைக்கிறார்கள். பழைய வண்டி வாங்கப் போனால் பிளாக்கின் பக்கச் சுவரை நகத்தால் கீறிப் பாருங்கள்.

பற்ற வைப்பது

நான் முதலில் போனது இங்கேதான். வெல்டிங் பட்டறைக்காரர் "ஒரு மணி நேர வேலை, சாயங்காலம் வண்டியை எடுத்துக்கலாம்" என்றார். மறுநாள் நடை இருந்தது. எனக்கு வேறெதுவும் காதில் விழவில்லை.

வார்ப்பிரும்பு சாதாரணத் தகடு இல்லை. அதில் சுமார் 2.5 முதல் 4 சதவீதம் வரை கார்பன் இருக்கிறது. அதில் பெரும்பகுதி கிராஃபைட் செதில்களாக உலோகத்துக்குள் பரவிக் கிடக்கும். அந்தச் செதில்களால்தான் பிளாக் அதிர்வை விழுங்குகிறது, கடைசலுக்கு இணங்குகிறது. இழுத்தால் நீளாமல் படக்கென்று உடைவதும் அதே செதில்களால்தான். பற்ற வைக்கும்போது வெல்டிங் ராடு பட்ட இடம் உருகுகிறது. சுற்றிலும் உள்ள குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சுகிறது. உருகிய இடம் சட்டென்று ஆறுகிறது. கார்பன் செதிலாகப் பிரிய நேரம் கிடைக்காமல் இரும்போடேயே கட்டிக்கொண்டு கெட்டிப்படும். வெள்ளை இரும்பு என்பார்கள். கண்ணாடி மாதிரி கடினம், கண்ணாடி மாதிரியே உடையும். ஆறும்போது பற்றுப் போட்ட உலோகம் சுருங்கி இழுக்கும். இழுப்பைத் தாங்காமல் பற்றுக்குப் பக்கத்திலேயே புது விரிசல் விடும்.

இதைத் தவிர்க்க முறை இருக்கிறது, முறை தெரிந்தவர்களும் வடசென்னையில் இருக்கிறார்கள். விரிசலின் இரண்டு முனையிலும் சின்ன துளை போட்டு, அது மேலே ஓடாமல் நிறுத்த வேண்டும். நிக்கல் ராடுதான் பிடிக்க வேண்டும். 99 என்று சொல்வது ஏறக்குறைய முழு நிக்கல். பிறகு கடைவதற்கு எளிது. 55 என்பது பாதிக்குச் சற்று மேல் நிக்கல், மீதி பெரும்பாலும் இரும்பு, வலு அதிகம். ஒரு தடவைக்கு ஒரு அங்குலத்துக்கு மேல் போடக் கூடாது. போட்டவுடன், சிவப்பு மாறுவதற்குள், உருண்டைத் தலைச் சுத்தியால் பொடிப்பொடியாகத் தட்டி இழுப்பை எடுக்க வேண்டும். பிறகு கை வைத்தால் பொறுக்கும் சூடு வரும் வரை சும்மா உட்கார வேண்டும். அடுத்த அங்குலம் அதை ஒட்டியல்ல, தள்ளி. இப்படிப் போனால் எட்டு அங்குலத்துக்கு ஒரு நாள் முழுக்கத் தேவை.

என் வண்டிக்கு ஒரே மூச்சில் எட்டு அங்குலமும் இழுத்தார்கள். பார்க்க அழகாக இருந்தது. டீ குடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். ஐந்து நிமிடம் இருக்கும், பிளாக்கிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம். சில நொடி கழித்து இன்னொன்று. பட்டறைப் பையன் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான். எனக்கு அன்று அந்தச் சத்தத்தின் அர்த்தம் தெரியாது. நாலாவது நாள் பற்றுக்குக் கால் அங்குலம் மேலே, அதற்கு இணையாக, புதுக் கோடு கசிந்தது.

இன்னொரு வகையும் உண்டு. பிளாக்கை முழுக்கக் கழற்றி, உலையில் 600 டிகிரி வரை சூடேற்றி, கேஸில் வார்ப்பிரும்பு ராடாலேயே பற்ற வைத்து, சாம்பலிலோ சுண்ணாம்பிலோ புதைத்து ஒரு நாளுக்கு மேல் ஆற விடுவது. உலோகவியல்படி இதுதான் சரியான வெல்டிங். பற்றிய இடமும் பிளாக்கும் ஒரே இரும்பாகிவிடும். ஆனால் அந்தச் சூட்டில் ஹெட் உட்காரும் முகம், போர் (சிலிண்டர்த் துளை), கிராங்க் வரிசை எல்லாம் கோணும். எல்லாவற்றையும் மறுபடி கடைய வேண்டும். ஹெட்டுக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் இந்த முறையைத் தயங்காமல் சொல்வேன். வெளிச்சுவரில் ஒரு கசிவுக்காக முழு பிளாக்கை உலையில் வைப்பது கொசுக்கடிக்குக் கையை வெட்டுகிற மாதிரி.

பித்தளைப் பற்று இரண்டுக்கும் நடுவில். இரும்பு உருகாது, அதனால் வெள்ளை இரும்புத் தொல்லை குறைவு. ஆனால் எண்ணெய் ஊறிய பழைய பிளாக்கில் பித்தளை ஒட்டவே மறுக்கும்.

தைப்பது

தையல் என்றால் நிஜமாகவே தையல்தான். சூடே கிடையாது. கப்பல் எஞ்சின்களிலும் பெரிய பிரஸ்களிலும் பல காலமாகச் செய்கிறார்கள். எண்ணெய் சூழ்ந்த எஞ்சின் அறைக்குள் நெருப்பு வைக்க முடியாத இடத்தில், வெல்டிங்கில்லாமல் வார்ப்பிரும்பை இணைக்க வேண்டிய தேவையில் வளர்ந்த வேலை இது. துறைமுகம் பக்கத்திலேயே இருப்பதால் இந்த வேலை தெரிந்த கைகள் ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் உண்டு. அதோடு அசோக் லேலண்ட் மாதிரித் தொழிற்சாலைகள் எண்ணூரில் அரை நூற்றாண்டுக்கு மேலாக இயங்குவதால், வார்ப்பும் கடைசலும் தெரிந்த ஓய்வுபெற்ற ஃபிட்டர்கள் இந்தத் தெருக்களில் இருக்கிறார்கள். எனக்குத் தைத்தவரும் அப்படி ஒருவர்தான்.

முதலில் விரிசலுக்குக் குறுக்கே வரிசையாகத் துளை போட்டு, அந்தத் துளைகளில் எலும்பு மாதிரி வடிவம் உள்ள நிக்கல் கலப்பு உலோகப் பூட்டை இறக்கி அடிக்கிறார்கள். இது இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு விரிசல் மேலும் வாய் பிளக்காமல் நிறுத்துகிறது. அப்புறம் விரிசலின் மேலேயே ஒரு துளை, அதில் மரை போட்டு ஸ்டட் (திருகாணி) இறக்கி, இறுக்கி, தலையை வெட்டி விடுகிறார்கள். அடுத்த துளையை முதல் ஸ்டடின் ஓரத்தைக் கொஞ்சம் கடித்தபடி போடுகிறார்கள். இப்படி ஒன்றை ஒன்று கடித்துக்கொண்டு சங்கிலி மாதிரி முனைக்கு முனை போகும். மரையில் சீலன்ட் தடவியிருப்பார்கள். கடைசியில் தட்டி, தேய்த்துச் சமப்படுத்தினால் புள்ளி புள்ளியாக ஒரு வரி மட்டும் தெரியும். அமெரிக்காவில் அந்த 53 பிளாக்குக்கு நிலைத்த தீர்வாக இந்தத் தையலைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

இதன் பெரிய நன்மை, எதுவும் கோணாது. வெளிச்சுவர் விரிசலாக இருந்து கை போக இடமும் இருந்தால், எஞ்சினை இறக்காமலே கூடத் தைக்கலாம். ஸ்டார்ட்டர், பைப் இவற்றைக் கழற்றினால் போதும். குறை இரண்டு. துரு தின்று சுவர் மிகவும் மெலிந்திருந்தால் மரைக்குப் பிடிப்பு கிடைக்காது. இரண்டாவது, கை. ஒரு துளை சாய்ந்தால் அந்த இடத்தில் கசியும். கூலியும் வெல்டிங்கைப் போல மூன்று மடங்கு கேட்டார்கள்.

இப்போது என் வண்டியின் கதைக்கு வருகிறேன். தையல்காரப் பெரியவர் பட்டறைக்கு வந்து பிளாக்கைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "இதுல யாரு வெல்டிங் வச்சது?" என்பதுதான். டிரில்லை வைத்தார். பிட் வழுக்கியது, கீச்சிட்டது, இரண்டாவது துளையில் முனை மழுங்கிவிட்டது. வெல்டிங்கில் உருவான அந்த வெள்ளை இரும்பு. முதலிலேயே வந்திருந்தால் எட்டு அங்குலத் தையல் ஒன்றரை நாள் வேலை. இப்போது பற்றுப் போட்ட பகுதியை முழுக்க ஜன்னல் மாதிரி வெட்டியெடுத்து, ஒரு பழைய உடைந்த பிளாக்கின் சுவரிலிருந்து அதே கனத்தில் துண்டு வெட்டி அந்த ஜன்னலில் பொருத்தி, நாலு பக்கமும் தைக்க வேண்டியிருந்தது. நாலரை நாள். தையலின் நீளம் எட்டு அங்குலத்திலிருந்து இருபதுக்கு மேல் போனது.

"துணி கிழிஞ்சா தைக்கலாம் தம்பி. பொசுக்கிட்டு எடுத்துனு வந்தா ஒட்டுதான் போடணும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஸ்டடை இறுக்கிக்கொண்டே சொன்னார்.

இரண்டு வழிகளையும் எடைபோடுகிறவர்கள் இதைத்தான் கவனிக்க வேண்டும். தைத்துச் சரிவராவிட்டால் மறுபடி தைக்கலாம், பிளாக் கெடவில்லை. பற்ற வைத்துச் சரிவராவிட்டால் அடுத்து வரும் எந்த வேலையும் கடினமாகிறது. முதலில் மலிவானதைச் செய்து பார்ப்போம், ஆகாவிட்டால் நல்லதுக்குப் போவோம் என்ற கணக்கு இங்கே செல்லாது.

வேறு பிளாக் போடுவது

பிஸ்டனை கிராங்க்கோடு இணைக்கிற கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வந்தால், அல்லது விரிசல் மெயின் பேரிங் வரை போனால், இதுதான் வழி. பக்கத்து வண்டிக்காரருக்கு அதுதான் நடந்தது. இருவரும் புதுப்பேட்டைக் காயலான் கடைகளில் மூன்று நாள் அலைந்தோம்.

அங்கே பார்க்க வேண்டியவை: சிலிண்டர் போர் எத்தனையாவது ஓவர்சைஸ் வரை, அதாவது எவ்வளவு அகலமாக, கடைந்திருக்கிறது, லைனர் (சிலிண்டரின் உள்ளுறை) உட்காரும் இடம் துருவில் குழிந்திருக்கிறதா, ஹெட் முகத்தில் போல்ட் துளைக்கும் தண்ணீர்த் துளைக்கும் நடுவே கோடு தெரிகிறதா. இதைவிட முக்கியம், கிராங்க்கைப் பிடித்துக்கொள்கிற மெயின் பேரிங் கேப்புகள் அந்த பிளாக்கோடு பிறந்தவையா என்பது. கேப்பை மாட்டிய நிலையில்தான் கிராங்க் வரிசையைக் கடைகிறார்கள். வேறு பிளாக்கின் கேப்பை மாட்டிக் கொடுத்தால் போல்ட் ஏறும், கிராங்க் இறுகும். எண் வரிசையை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

அதற்குப் பிறகு காகித வேலை. எஞ்சின் நம்பர் பிளாக்கில்தான் அடித்திருக்கும், ஆர்.சி.யில் இருப்பதும் அதுதான். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, எஞ்சினை மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதியும் ஆர்.சி.யில் பதிவும் வேண்டும். எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) வருடாவருடம், நம்பர் ஒத்துவராவிட்டால் அங்கேயே நிற்கும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் முதல் கேள்வி அதுதான். பில் இல்லாத பிளாக்கை என்ன விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், அது எந்தத் திருட்டு வண்டியிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. நம்பரைத் தேய்த்துவிட்டுப் பழைய நம்பரையே பஞ்ச் அடித்துத் தருகிறேன் என்பவரிடம் ஒரு நிமிடம்கூட நிற்காதீர்கள். அது குற்றம்.

புது பிளாக் கிடைத்தால் சந்தோஷம். ஆனால் பழைய மாடலுக்குக் கிடைப்பது சிரமம், கிடைத்தாலும் வண்டியின் விலையில் பெரும்பங்கை விழுங்கும்.

என் முடிவு

வெளிச்சுவர், வாட்டர் ஜாக்கெட், சுவர் கனமாக இருக்கிறது: நேராகத் தையல். நடுவில் வேறு எந்தப் பட்டறையிலும் நிறுத்த வேண்டாம். சுவர் மெலிந்துவிட்டது: ஒட்டு வைத்துத் தையல். வண்டியை இன்னும் ஆறு மாதத்தில் காயலான் கடைக்கே அனுப்பப் போகிறீர்கள்: எபாக்ஸி போதும், மனசாட்சியோடு. தைக்கிறவர் கிடைக்கவில்லை, நிக்கல் ராடும் பொறுமையும் உள்ளவர் கிடைக்கிறார், விரிசல் இரண்டு மூன்று அங்குலம்தான்: பற்ற வையுங்கள், ஆனால் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு அங்குலத்துக்கும் அவர் காத்திருக்கிறாரா என்று பாருங்கள். எண்ணெய் கேலரி, சிலிண்டர்களுக்கு நடுவே: நல்ல தையல்காரரைக் கூட்டி வந்து காட்டுங்கள், அவர் தயங்கினால் பிளாக்கை மாற்றுங்கள். மெயின் பேரிங்: யாரையும் கேட்க வேண்டாம், மாற்றுங்கள்.

எதைச் செய்தாலும் வண்டியை எடுப்பதற்கு முன் பிரஷர் டெஸ்ட் கட்டாயம். என் பிளாக்கில் தண்ணீர்த் துளைகளை அடைத்து, வெந்நீர் நிரப்பி, மூன்று கிலோ அழுத்தத்தில் அரை மணி நேரம் வைத்தார்கள். ஒட்டின் ஒரு மூலையில் முத்து மாதிரி ஒரு துளி வந்தது. பெரியவர் அந்த ஸ்டடை எடுத்துவிட்டு அடுத்த சைஸ் போட்டார். மறுபடி அரை மணி. துளி வரவில்லை.

இப்போது டிரைவர் தம்பியின் சீட்டுக்குப் பின்னால் கூலன்ட் கலந்த தண்ணீர் இருபது லிட்டர் கேனில் எப்போதும் இருக்கும். வழியில் போர் தண்ணீர் ஊற்றுவதில்லை. தைத்த இடத்துக்கு பெயின்ட் அடிக்கட்டுமா என்று மேஸ்திரி கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கசிவு திரும்பி வந்தால் பழுப்புக் கோடு முதலில் அந்த வெற்று இரும்பில்தான் தெரியும். மாதம் ஒரு முறை டீசலால் கழுவி, டார்ச் அடித்துப் பார்க்கிறோம்.